ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்குமா? விகிதங்கள் சொல்லாததும் தரவரிசை சொல்வதும்

புதுதில்லி: நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.களில் 2025ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கைக்கு இருந்த இடங்கள் 18,160. அவ்வாண்டு ஜே.இ.இ. மெயின் தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 14.75 லட்சம் பேர். அதன்படி 81 பேருக்கு ஓர் இடம். அடுத்த கட்டமான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் இரு தாள்களையும் எழுதியோர் 1,80,422 பேர். இந்தக் கணக்கில் பத்துப் பேருக்கு ஓர் இடம். அத்தேர்வில் தகுதி பெற்றுத் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றோர் 54,378 பேர். அவர்களைக் கொண்டு கணக்கிட்டால் மூவருக்கு ஓர் இடம்.

இம்மூன்று விகிதங்களும் சரியானவையே. ஆயினும், ஒரு குறிப்பிட்ட மாணவருக்கு இடம் கிடைக்குமா என்ற கேள்விக்கு இவற்றில் ஒன்றுகூட விடை தருவதில்லை. முதல் விகிதம் தேவைக்கு மேல் அச்சுறுத்துகிறது; கடைசி விகிதம் தேவைக்கு மேல் நம்பிக்கையூட்டுகிறது. குடும்பத்தின் சேமிப்பையும் மாணவரின் ஓரிரு ஆண்டுகளையும் பணயமாக வைத்து எடுக்கப்படும் முடிவுகள் பல, இத்தகைய பொதுக் கணக்குகளின் மீதும் பயிற்சி மையங்களின் விளம்பரங்களின் மீதும் கட்டப்படுவதுதான் கவலைக்குரியது.

உண்மையில், வாய்ப்பை ஓரளவு துல்லியமாகக் கணிப்பதற்குத் தேவையான தகவல்கள் அனைத்தும் பொதுவெளியிலேயே உள்ளன. அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை அறிந்த குடும்பங்களுக்கும் அறியாத குடும்பங்களுக்கும் இடையிலான வேறுபாடு, இன்று மதிப்பெண் வேறுபாட்டுக்கு இணையான விளைவை ஏற்படுத்துகிறது.

மதிப்பெண் ஏமாற்றும்

பள்ளித் தேர்வுகளுக்குப் பழகிய குடும்பங்கள் முதலில் கேட்பது, 'எத்தனை மதிப்பெண் எடுத்தால் இடம் உறுதி?' என்பதே. நுழைவுத் தேர்வைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு நிலையான விடை கிடையாது.

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் பொதுத் தரவரிசைப் பட்டியலில் இடம்பெறத் தேவைப்பட்ட குறைந்தபட்ச மதிப்பெண்ணே இதற்குச் சான்று. மொத்தம் 360 மதிப்பெண்களுக்கு, 2022இல் 55 மதிப்பெண் போதுமானதாக இருந்தது. 2023இல் அது 86 ஆகவும், 2024இல் 109 ஆகவும் உயர்ந்தது. 2025இல் 74 ஆகக் குறைந்தது. நூறு மதிப்பெண் பெற்ற பொதுப்பிரிவு மாணவர் 2025இல் பட்டியலுக்குள் வசதியாக இடம்பெற்றிருப்பார். அதற்கு முந்தைய ஆண்டிலோ பட்டியலுக்கு வெளியே நின்றிருப்பார். மாணவரின் திறன் மாறவில்லை. வினாத்தாளின் கடினமும் உடன் எழுதியோரின் ஆயத்தமும் மாறின.

ஆகவே, பழைய வினாத்தாளை வீட்டில் எழுதிப் பார்க்கும் மாணவர், தாம் பெற்ற மதிப்பெண்ணை அதே ஆண்டின் தகுதி மதிப்பெண்ணுடன் மட்டுமே ஒப்பிட வேண்டும். 2024ஆம் ஆண்டு வினாத்தாளில் 90 மதிப்பெண் பெற்றுவிட்டு, 2025ஆம் ஆண்டின் 74 மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டதாக மகிழ்வது பொருந்தாக் கணக்கு. மேலும், பல வினாத்தாள்களில் பெற்ற மதிப்பெண்களுள் சிறந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடைப்பட்ட வரம்பு முழுவதையும் கருத்தில் கொள்வதே நேர்மையான மதிப்பீடு. தேர்வு நாளன்று அந்த வரம்புக்குள் எதுவும் நிகழக்கூடும்.

தகுதி பெறுவதும் இடம் பெறுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2025இல் தகுதி பெற்ற மூவரில் இருவருக்கு ஐ.ஐ.டி. இடம் இல்லை. 'மகன் அட்வான்ஸ்டு பாஸ் ஆகிவிட்டான்' என்ற செய்தியோடு உறவினர்கள் இனிப்பு வழங்கத் தொடங்கும் வீடுகளில், அடுத்த சில வாரங்களில் ஏமாற்றம் குடிபுகுவதற்கு இந்தக் குழப்பமே காரணம்.

பெர்சன்டைலில் இருந்து தரவரிசைக்கு

ஜே.இ.இ. மெயின் தேர்வை தேசியத் தேர்வு முகமை பல நாட்களில், பல வேளைகளில் நடத்துகிறது. ஒவ்வொரு வேளைக்கும் வினாத்தாள் வேறு. எனவே மதிப்பெண்ணை நேரடியாக ஒப்பிடாமல், அந்தந்த வேளையில் எழுதியோருள் எத்தனை விழுக்காட்டினர் தம்முடைய மதிப்பெண்ணையோ அதற்குக் குறைந்த மதிப்பெண்ணையோ பெற்றனர் என்பதைக் காட்டும் பெர்சன்டைல் அளிக்கப்படுகிறது. 95 பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு 95 மதிப்பெண் என்று பொருள்படாது. தமக்கு மேலே ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் உள்ளனர் என்றே பொருள்படும்.

பெர்சன்டைலைத் தரவரிசையாக மாற்றுவதற்கு எளிய வழி உண்டு. நூறிலிருந்து பெர்சன்டைலைக் கழித்து, தேர்வு எழுதியோரின் எண்ணிக்கையால் பெருக்கி, நூறால் வகுத்தால் தோராயமான தரவரிசை கிடைக்கும். 14.75 லட்சம் பேர் எழுதிய ஆண்டில் 99 பெர்சன்டைல் என்பது ஏறத்தாழ 14,750ஆவது இடம். 98 என்பது 29,500. 95 என்பது 73,750. பெர்சன்டைலில் 0.1 குறைந்தால் தரவரிசையில் ஏறத்தாழ 1,475 இடங்கள் பின்தள்ளப்படும்.

இக்கணக்கு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைச் சரிபார்க்கவும் இயலும். அட்வான்ஸ்டு தேர்வுக்கு மெயின் தேர்வில் முன்னணி பெறும் 2.5 லட்சம் பேர் அனுமதிக்கப்படுகின்றனர். அதில் பொதுப்பிரிவின் பங்கு 40.5 விழுக்காடு, அதாவது 1,01,250 பேர். 2025இல் பொதுப்பிரிவின் தகுதி எல்லை 93.1023262 பெர்சன்டைல். மேற்கண்ட முறைப்படி கணக்கிட்டால் அது ஏறத்தாழ 1.02 லட்சமாவது தரவரிசையைத் தருகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இணையத்தில் கட்டணம் பெற்றுக்கொண்டு தரவரிசையைக் கணித்துத் தருவதாகக் கூறும் செயலிகள் பலவும் அடிப்படையில் இதே பெருக்கலையே செய்கின்றன.

எந்த வரிசையில் நிற்கிறோம்?

தரவரிசையை அறிந்த பின்னரும் கணக்கு முடிவதில்லை. இடங்கள் ஒரே வரிசையில் வழங்கப்படுவதில்லை என்பதே காரணம். பொதுப்பிரிவுக்கு 40.5, பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினருக்கு 10, கிரீமிலேயர் அல்லாத இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியலினத்தவருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு என இடங்கள் பகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு உண்டு. ஐ.ஐ.டி.களில் மாணவியரின் எண்ணிக்கையை உயர்த்தும் பொருட்டு 2018 முதல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டு, 2020 முதல் 20 விழுக்காடு இலக்காக நிர்ணயிக்கப்பட்டது. அதன் விளைவாக, 'பெண்களுக்கு மட்டும்', 'இருபாலருக்கும்' என ஒவ்வொரு பிரிவிலும் இரு தொகுப்புகள் உள்ளன.

எனவே ஒரு மாணவர் பல வரிசைகளில் ஒரே நேரத்தில் நிற்கிறார். எடுத்துக்காட்டாக, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவி, பொதுப்பிரிவின் இரு தொகுப்புகளிலும் தம் பிரிவின் இரு தொகுப்புகளிலும் என நான்கு வாயில்களில் பரிசீலிக்கப்படுவார். அவருடைய வாய்ப்பை அளவிட நான்கு எண்களையும் பார்க்க வேண்டும். பலரும் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகின்றனர்.

இங்கே அடிக்கடி நேரும் மற்றொரு பிழையும் உண்டு. பொதுப்பிரிவு இடங்களுக்கு வெளியிடப்படும் நிறைவுத் தரவரிசை, பொதுத் தரவரிசைப் பட்டியலைச் சார்ந்தது. இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு வெளியிடப்படும் எண்ணோ, அந்தப் பிரிவுக்குள்ளான தரவரிசை. பொதுத் தரவரிசையில் 9,000 பெற்ற மாணவர், பிரிவுத் தரவரிசையில் நிறைவெண் 2,500 என்பதைக் கண்டு மனம் தளரத் தேவையில்லை. அவருடைய பிரிவுத் தரவரிசை அதற்குள் இருக்கக்கூடும். ஒப்பிட வேண்டிய எண்கள் ஒரே பட்டியலைச் சேர்ந்தவையாக இருத்தல் வேண்டும்.

ஐ.ஐ.டி.களில் மாநில ஒதுக்கீடு இல்லை. ஆனால் என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு உரியவை. பிறந்த ஊரோ பெற்றோரின் முகவரியோ இதற்கு அளவுகோல் அன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எந்த மாநிலத்தில் எழுதினார் என்பதே அளவுகோல். தமிழ்நாட்டைச் சேர்ந்த மாணவர் ராஜஸ்தான் மாநிலம் கோட்டாவுக்குச் சென்று, அங்கேயே ஒரு பள்ளியில் பெயரைப் பதிந்து பன்னிரண்டாம் வகுப்பு எழுதினால், திருச்சி என்.ஐ.டி.யில் சொந்த மாநில மாணவராகக் கருதப்படும் உரிமையை இழப்பார். பயிற்சிக்காக வெளிமாநிலம் அனுப்பும் பெற்றோர் பலர், பயிற்சிக் கட்டணத்தைக் கேட்டறியும் அளவுக்கு இந்த விதியைக் கேட்டறிவதில்லை.

நிறைவுத் தரவரிசையை வாசித்தல்

ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி. மற்றும் மத்திய நிதியுதவி பெறும் பிற நிறுவனங்களுக்கான கலந்தாய்வை 2015 முதல் ஜோசா எனப்படும் கூட்டு இட ஒதுக்கீட்டு ஆணையம் நடத்தி வருகிறது. 2025இல் இக்கலந்தாய்வில் 127 நிறுவனங்கள் பங்கேற்றன. மொத்த இடங்கள் 62,853. இவற்றுள் என்.ஐ.டி. தொகுப்பின் பங்கு 24,525, ஐ.ஐ.ஐ.டி.களின் பங்கு 9,940. பிற நிறுவனங்களின் பங்கு 10,228.

ஒவ்வொரு நிறுவனத்திலும், ஒவ்வொரு பாடப்பிரிவிலும், ஒவ்வொரு தொகுப்பிலும், ஒவ்வொரு சுற்றிலும் முதலாவதாகவும் கடைசியாகவும் இடம் பெற்றவரின் தரவரிசையை இந்த ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கட்டணமின்றி எவரும் பார்க்கலாம். வாய்ப்பைக் கணிக்க இதைவிட நம்பகமான தரவு வேறில்லை. ஆனால் அதை வாசிப்பதில் சில எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, நிறைவெண் எல்லா இடங்களிலும் ஒரே அளவு நிலையானது அன்று. மும்பை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் பிரிவில், பொதுப்பிரிவு இருபாலர் தொகுப்பின் நிறைவுத் தரவரிசை அண்மை ஆண்டுகளில் 60க்கும் 70க்கும் இடையிலேயே நின்று வருகிறது. தரவரிசையில் முன்னணியில் இருப்போரின் விருப்பம் ஏறத்தாழ ஒரே திசையில் செல்வதால் இந்த நிலைத்தன்மை. பட்டியலின் நடுப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் வரும்போது விருப்பங்கள் சிதறுகின்றன; நிறைவெண்களும் ஆண்டுக்காண்டு ஊசலாடுகின்றன. ஓரிரு இடங்கள் மட்டுமே உள்ள தொகுப்புகளில் ஒரே ஒரு மாணவரின் முடிவு நிறைவெண்ணை ஆயிரக்கணக்கில் நகர்த்திவிடும். அத்தகைய எண்ணை நம்பி முடிவெடுப்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, எந்தச் சுற்றின் எண் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் சுற்றின் நிறைவெண் பெரும்பாலும் கடுமையாகவும், கடைசிச் சுற்றின் எண் தளர்வாகவும் இருக்கும். அதிலும், 2024இல் ஐந்து சுற்றுகளும் 2025இல் ஆறு சுற்றுகளும் நடைபெற்றன. ஆகவே கடைசிச் சுற்றை அப்படியே கடைசிச் சுற்றுடன் ஒப்பிடுவதும் முழுமையாகப் பொருந்தாது.

மூன்றாவது, இடங்களின் எண்ணிக்கை மாறுகிறது. 2024இல் 17,740 ஆக இருந்த ஐ.ஐ.டி. இடங்கள் அடுத்த ஆண்டு 18,160 ஆயின. திருப்பதி, பாலக்காடு, பிலாய், ஜம்மு, தார்வாட் ஆகிய ஐந்து புதிய ஐ.ஐ.டி.களில் நான்கு ஆண்டுகளில் 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கூடுதலாகச் சேர்க்கும் விரிவாக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் வழங்கியது. இந்த எண்ணிக்கை இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகள் அனைத்தையும் உள்ளடக்கியது என்பதால், இளநிலை இடங்கள் அதே அளவுக்கு உயரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இவற்றைக் கருத்தில் கொண்டு நடைமுறைக்கு ஏற்ற ஒரு முறையைப் பின்பற்றலாம். விரும்பும் பாடப்பிரிவின் மூன்று ஆண்டு நிறைவெண்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் மிகக் கடுமையான ஆண்டின் எண்ணுக்குள் தம் தரவரிசை வசதியாக அடங்கினால், அதை ஏறத்தாழ உறுதியான வாய்ப்பாகக் கொள்ளலாம். மூன்று ஆண்டுகளின் எண்களுக்கு இடையில் தரவரிசை விழுந்தால், அது போட்டிக்குரிய வாய்ப்பு. மிகத் தளர்வான ஆண்டின் எண்ணையும் தாண்டியிருந்தால், அது முயற்சிக்குரியது மட்டுமே. அதை நம்பி வேறெதையும் கைவிடலாகாது. 'வாய்ப்பு 70 விழுக்காடு' என்று துல்லியம்போல் தோன்றும் எண்களைக் காட்டிலும், இந்த மூன்று வகைப் பகுப்பு மாணவருக்கு உண்மையைச் சொல்லும்.

விருப்பப் பட்டியலில் அச்சம் வேண்டாம்

கலந்தாய்வில் மாணவர்கள் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தும்போது, 'எட்டாத கனியை முதலில் எழுதினால், கைக்கு எட்டுவதும் போய்விடுமோ' என்ற அச்சம் பரவலாக உள்ளது. இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

டேவிட் கேல், லாய்டு ஷாப்லி ஆகிய அறிஞர்கள் 1962இல் வெளியிட்ட இணைப்பு முறையை அடிப்படையாகக் கொண்டே ஜோசாவின் ஒதுக்கீட்டு முறை வடிவமைக்கப்பட்டுள்ளது. இத்துறைப் பணிக்காக ஷாப்லி 2012இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இம்முறையில், மாணவரின் பட்டியலில் மேலிருந்து கீழாகச் சென்று, அவருடைய தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடம் ஒதுக்கப்படுகிறது. முதல் பத்து விருப்பங்களும் கைகூடாமல் போனாலும், பதினோராவது இடத்துக்கான அவரது உரிமை சற்றும் குறைவதில்லை. அதை முதல் விருப்பமாக எழுதியிருக்கும், ஆனால் தரவரிசையில் பின்தங்கிய ஒருவர் அவரை முந்திவிட இயலாது.

எனவே பட்டியலைத் தயாரிப்பதில் தந்திரம் தேவையில்லை. உண்மையான விருப்ப வரிசையே சிறந்த வரிசை. கிடைக்குமா என்பதைக் கணிப்பது பட்டியலின் நீளத்தைத் தீர்மானிக்க உதவலாமேயொழிய, அதன் வரிசையைத் தீர்மானிக்கக் கூடாது. போட்டிக்குரிய இடங்களுக்குக் கீழே உறுதியான இடங்கள் போதிய அளவில் உள்ளனவா என்பதே பார்க்க வேண்டியது. விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லாத நிலையில், பத்துப் பன்னிரண்டுடன் நிறுத்திக்கொள்வது தாமே வாயிலை அடைப்பதாகும். அதே வேளையில், கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று தெரிந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ஒதுக்கப்பட்ட இடத்தை உரிய காலத்துக்குள் ஏற்காத மாணவர் கலந்தாய்விலிருந்தே வெளியேற்றப்படுவார்.

கணக்குக்கு வெளியே காத்திருக்கும் தடைகள்

நல்ல தரவரிசை பெற்றும் இடத்தை இழந்தவர்கள் உண்டு. 2024இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த, தினக்கூலித் தொழிலாளியின் மகனான பட்டியலின மாணவர் ஒருவருக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பிரிவில் இடம் ஒதுக்கப்பட்டது. 17,500 ரூபாய் கட்டணத்தைக் காலக்கெடுவுக்குள் செலுத்த இயலாததால் அந்த இடம் கைநழுவியது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின் கீழ் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவருக்குக் கூடுதல் இடம் உருவாக்கிச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. நீதி கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் காலக்கெடுவைத் தவறவிடும் ஒவ்வொரு மாணவரும் உச்ச நீதிமன்றம் வரை செல்ல இயலாது.

சான்றிதழ்களும் இத்தகைய தடையே. இதர பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிவடைந்தோர் பிரிவுகளில் இடம் கோருவோரின் சான்றிதழ், தேர்வு நடைபெறும் ஆண்டின் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் வழங்கப்படும் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் இதற்குப் போதாது; மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயர் அல்லாதவர் என்ற குறிப்புடன் கூடிய சான்றிதழ் தேவை. உரிய சான்றிதழ் இல்லையெனில் மாணவர் பொதுப்பிரிவுக்கு மாற்றப்படுவார். அதுவரை செய்த கணிப்பு அனைத்தும் ஒரே நாளில் பொய்த்துப்போகும்.

பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு மதிப்பெண் அல்லது அந்தந்த வாரியத்தில் முன்னணி 20 பெர்சன்டைலுக்குள் இடம் என்ற விதியும் உள்ளது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு இது 65 விழுக்காடு. நுழைவுத் தேர்வே எல்லாம் என்று கருதிப் பள்ளிப் பாடத்தைக் கைவிடும் மாணவர்கள் இவ்விதியை மறந்துவிடலாகாது.

மொழியும் ஒரு தடையாகவே நீடிக்கிறது. மெயின் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடத்தப்படுகிறது. தமிழ்வழியில் பயின்று மெயின் தேர்வில் முன்னணி பெற்ற மாணவர், சில வாரங்களுக்குள் வேறொரு மொழியில் கடினமான வினாத்தாளை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. மெயின் தரவரிசையை வைத்து அட்வான்ஸ்டு தரவரிசையைக் கணிக்கும்போது இந்தச் சுமையைக் கணக்கில் சேர்ப்பவர் எவரும் இல்லை.

கட்டணத்தைக் கண்டு முன்கூட்டியே பின்வாங்குவோரும் உளர். ஐ.ஐ.டி.களில் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2 லட்சம் ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த மாணவர்களுக்கும் இக்கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. வருமானம் 1 முதல் 5 லட்சம் ரூபாய் வரை உள்ளோருக்கு மூன்றில் இரு பங்கு தள்ளுபடி உண்டு.

மீண்டும் ஓராண்டா?

இடம் கிடைக்காத மாணவர்கள் எதிர்கொள்ளும் அடுத்த கேள்வி, இன்னோர் ஆண்டு முயல்வதா என்பது. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் அதிகபட்சம் இருமுறை மட்டுமே எழுதலாம். 2024 நவம்பர் 5ஆம் தேதி இது மூன்று வாய்ப்புகளாக உயர்த்தப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் அறிவிப்பை நம்பித் தாம் சேர்ந்திருந்த படிப்பைக் கைவிட்ட மாணவர்களை மட்டும் தேர்வுக்கு அனுமதிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 10 அன்று உத்தரவிட்டது. விதியை இறுதி செய்யாமல் அறிவித்ததன் விலையை, படிப்பை விட்ட மாணவர்கள் கொடுக்க நேர்ந்தது.

மறுமுயற்சிக்கான முடிவு, 'கொஞ்சத்தில் தவறிவிட்டது' என்ற ஆதங்கத்தில் எடுக்கப்படக் கூடாது. விரும்பிய இடத்தின் நிறைவெண்ணுக்கும் தம் தரவரிசைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு, அது எந்தப் பாடத்தில் ஏற்பட்டது, ஓராண்டில் அப்பாடத்தில் முன்னேற இயலும் என்பதற்கு மாதிரித் தேர்வுகளில் ஆதாரம் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். மறுபுறம், கையிலிருக்கும் என்.ஐ.டி. அல்லது மாநிலக் கல்லூரி இடத்தின் மதிப்பையும் தராசின் மற்றொரு தட்டில் வைக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை எழுப்பும் ஊக்கம் பயிற்சித் தொழிலுக்கு இல்லை. முதல் நூறு இடங்களைப் பெற்றோரின் படங்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிரப்புகின்றன. அதே மையத்தில் பணம் கட்டிப் பயின்றோர் மொத்தம் எத்தனை பேர் என்பது எங்கும் அச்சிடப்படுவதில்லை. வெற்றி பெற்றோரின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, சேர்ந்தோரின் எண்ணிக்கையை மறைத்தால் எந்த விகிதத்தையும் கணக்கிட இயலாது. வெற்றிக்கு உத்தரவாதம் அளிக்கும் விளம்பரங்களுக்குத் தடை விதித்தும், வெற்றியாளர் எந்தப் பயிற்சியில் சேர்ந்திருந்தார் என்பதைத் தெரிவிக்க வேண்டுமென வலியுறுத்தியும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்தோரைச் சேர்க்கக் கூடாது என்று கல்வி அமைச்சகம் அவ்வாண்டு ஜனவரியில் அறிவுறுத்தியிருந்தது. இவை எந்த அளவுக்கு நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

பொய்யான எதிர்பார்ப்பின் சுமை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு, 2023ஆம் ஆண்டில் மட்டும் கோட்டாவில் 20க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதே வேதனையான சான்று. தேர்வு குறித்த மன அழுத்தத்தில் இருக்கும் மாணவர்களும் பெற்றோரும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணில் உதவி பெறலாம்.

செய்ய வேண்டியவை

தரவுகளை வெளிப்படையாக அளிப்பதில் ஜோசா நல்ல முன்மாதிரியை ஏற்படுத்தியுள்ளது. அதற்கு அடுத்த படியாக, மாணவர் தம் தரவரிசையையும் பிரிவையும் மாநிலத்தையும் உள்ளிட்டால், கடந்த ஆண்டுகளின் தரவுகளைக் கொண்டு மேற்கண்ட மூன்று வகைகளாகப் பகுத்துக் காட்டும் வசதியைத் தமிழ் உட்பட மாநில மொழிகளில் அரசே கட்டணமின்றி வழங்கலாம். தரவு ஏற்கெனவே கையில் உள்ளது. மொழிபெயர்ப்பும் விளக்கமும்தான் எஞ்சியவை. அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பிலேயே சான்றிதழ், சொந்த மாநில விதி, கட்டணத் தள்ளுபடி ஆகியவை குறித்து ஒரு நாள் வகுப்பு நடத்துவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இட ஏற்புக் கட்டணத்தை ஏழை மாணவர்களுக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடு இருந்தால், ஒரு மாணவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டிய நிலை மீண்டும் வராது.

போட்டி கடுமையானது என்பதில் ஐயமில்லை. 18,160 இடங்களை எந்தக் கணக்காலும் பெருக்கிவிட முடியாது. ஆனால் எந்த வரிசையில், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைத் தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் பணம் கொடுக்காமலேயே தெரிந்துகொள்ள இயலும். அந்த அறிவு பெருநகரப் பயிற்சி மையங்களின் விற்பனைப் பொருளாக இருக்கும் வரை, தகுதியால் மட்டுமே இடம் வழங்கப்படுகிறது என்ற கூற்று முழு உண்மையாகாது.